பத்தில் எட்டுப் பேர்

2008ல் மனுசியைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருந்தேன். கோப்பின் நிலையை இணையத்திலேயே பார்க்கலாம். வாடிக்கையாளர் இலக்கம், குடும்பப்பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு... இவ்வளவும் அடித்தால் சரி. வேலைக்குப் போக முன்னம் ஒருக்கா, வந்து சாப்பிட முன்னம் ஒருக்கா பார்ப்பேன். எப்போதும் ஒரே வசனம்தான்: 'பரிசீலனையில் உள்ளது'.

கொழும்பில் பார்க்கப்படும் கோப்புகளுக்கு எத்தனை மாதம் செல்லும் என்றும் ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். அதை அப்படியே ரெலிபோனில் மனுசிக்குச் சொல்லிவிட்டேன். வவுனியாவில் இருந்த அவள் கலண்டரில் நாள் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

அந்த மாதம் வந்தது, போனது. விசா வரவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னீங்களோ?" என்று கேட்டாள்.

அன்றிரவுதான் அட்டவணைக்குக் கீழே இருந்ததை ஒழுங்காக வாசித்தேன். அது ஏற்கனவே முடிந்த கோப்புகளின் கணக்கு. அதிலும் 80 வீதமானவை முடிந்த காலம். மிச்சம் 20 வீதத்துக்கு எல்லை எதுவும் போடவில்லை. அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்திருக்கிறேன்!

பிறகு ஒருநாள் 'முடிவு எடுக்கப்பட்டது' என்று மாறியது. நெஞ்சு பக்கென்றது. விசா கொடுத்தாலும் மறுத்தாலும் அதே வசனம்தான் என்று இந்தமுறை எனக்குத் தெரியும். கடிதம் கைக்கு வரும்வரை அவளுக்கு மூச்சும் விடவில்லை.

கடிதம் நல்லதாகத்தான் வந்தது. ஆனால் இன்றைக்கும் யாராவது ஊருக்கு மாதக்கணக்குச் சொல்லப்போனால் தடுப்பேன். பத்தில் எட்டுப் பேருக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கோ. அங்கே ஒருவர் நாளை வெட்டிக்கொண்டு இருக்கிறார்.