நகராத புள்ளி

பேரணாம்பட்டிலிருந்து வேலூர் செல்லும் பேருந்து அப்துல்லாபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்குள்ள சிறிய விமானத் தளம் என் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் காலத்தில் அமைந்து, பின்னர் உடான் திட்டத்தின்கீழ் மேம்படுத்தப்பட்ட தளம் அது. முன்பெல்லாம் அதைப் பற்றி நான் எண்ணியதே இல்லை. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி விமானிப் பயிற்சிக்குச் சென்ற பிறகுதான், வானத்திலும் தெருக்கள் உண்டு என்பதை அறிந்தேன்.

அவளுடைய தாயார் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புவார். வீட்டை அடமானம் வைத்தே மகளை வெளிமாநிலப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். விடுமுறையில் என்னைக் காண வந்தவளிடம், "வானம்தான் அவ்வளவு விரிந்து கிடக்கிறதே அம்மா, அங்கே மோதிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"வானம் பெரிதுதான் ஐயா. ஆனால் ஓடுதளம் ஒன்றுதானே! எல்லாரும் அங்கேதான் வந்து சேர வேண்டும்" என்றாள்.

என் சட்டைப்பையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கித் திண்ணையில் ஒரு நீள்சதுரம் வரைந்தாள். அதன் ஒரு பக்கம் ஓடுதளம். காற்றை எதிர்த்து மேலெழும் விமானம் இடப்புறம் திரும்பி, மீண்டும் திரும்பி, ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும். பின்னர் இருமுறை இடப்புறம் திரும்பி இறங்கும். விமானி இடப்பக்க இருக்கையில் அமர்வதால் இடச்சுற்றே பொது வழக்கம். ஓடுதளம் அவர் கண்ணில் இருந்துகொண்டே இருக்கும்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளங்களில் வழிவிடச் சொல்ல எவரும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், தான் இருக்கும் இடத்தையும் செய்யப்போவதையும் விமானியே வானொலியில் அறிவிக்க வேண்டும். வி.கோட்டா மலைப்பாதையின் வளைவுகளில் லாரிக்காரர்கள் ஒலிப்பான் அழுத்துவதைப் போன்றதுதான் இது. இறங்க வருவோர் இருவரில் தாழப் பறப்பவருக்கு முன்னுரிமை. அதற்காக ஒருவர் முன்னே குறுக்கே நுழைந்துவிடக் கூடாது. வழிகள் குறுக்கிட்டால், வலப்புறமிருந்து வருபவருக்கு மற்றவர் விலக வேண்டும்.

புறநானூறு பேசும் வானவூர்திக்கு வலவன் வேண்டியதில்லை. அவள் ஓட்டும் செஸ்னாவுக்கோ வலவனின் இரு கண்களே காவல். அந்தக் கண்களுக்கும் மறைவிடங்கள் உண்டு. செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் மேலே வருவது தெரியாது. இறக்கை கீழே அமைந்த விமானத்திலிருந்து பார்த்தால் கீழே இருப்பது தெரியாது. முன்னது கீழும் பின்னது மேலுமாக ஒரே ஓடுதளத்தை நோக்கி இறங்கினால், இருவரும் ஒருவரையொருவர் காணாமலே நெருங்குவர்.

2025 ஜூலை 8 அன்று கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ஸ்டைன்பாக் நகருக்கு அருகே இரண்டு செஸ்னா பயிற்சி விமானங்கள் மோதின. இரண்டிலும் மாணவ விமானிகள் தனியே இருந்து, மேலெழுதலும் தரையிறங்கலும் பழகிக்கொண்டிருந்தனர். இருவரும் இறந்தனர்; ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த இளைஞர். விமானங்களில் வானொலி இருந்தது. ஆயினும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்றே தோன்றுவதாகப் பயிற்சிப் பள்ளியின் தலைவர் கூறினார்.

அதைச் சொல்லி முடித்தவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள்.

தனியாகப் பறந்த மூன்றாம் நாள். ஓடுதளத்துக்கு இணையாகச் சென்றபோது, வலப்பக்கக் கண்ணாடியின் சட்டத்தை ஒட்டி ஒரு கரும்புள்ளி. பூச்சியோ அழுக்கோ என்று நினைத்திருக்கிறாள். அது மேலும் கீழும் நகரவில்லை. முன்னும் பின்னும் நகரவில்லை. அப்போதுதான் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்ததாம்: கண்ணாடியில் இடம் பெயரும் விமானம் விலகிச் சென்றுவிடும்; இருந்த இடத்திலேயே இருந்து பெரிதாவதுதான் நம்மீது மோத வருவது. நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் காணும். அசையாததைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

"தலையை முன்னே நீட்டிப் பார்த்தேன் ஐயா. சட்டத்தின் மறைவிலிருந்து ஓர் இறக்கை வெளிப்பட்டது. வலப்புறம் திரும்பி அதன் பின்னால் சென்றுவிட்டேன்."

"அவர் வானொலியில் அறிவிக்கவில்லையா?"

"எல்லாத் திருப்பங்களிலும் முறையாக அறிவித்திருக்கிறார். வேறோர் அலைவரிசையில்."

எனக்கு உடல் சிலிர்த்தது. அவளோ கையிலிருந்த சுண்ணப்பொடியைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

அடுத்த வாரம் விடியற்காலையில், கம்பெனிப் பேருந்துக்காக நின்றிருந்த அவள் தாயாரைக் கண்டேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி, "பொண்ணு நல்லா ஓட்டுதாமா சார்?" என்று கேட்டார்.

"நன்றாகப் பார்க்கிறாள் அம்மா" என்றேன்.