பெயர் மாறாத வண்டி

நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். சொல் இருந்த இடத்திலேயே இருக்க, பொருள் மட்டும் அதனுள்ளிருந்து மெல்ல நழுவி எதிர்த்திசையில் போய்ச் சேர்ந்துவிட்டது. இயந்திரங்களின் பெயர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்ப்ளோரர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு தலைமுறைகளாகப் பெயர் ஒன்றே. வண்டிதான் வேறு வேறு.

மிச்சிகனில் எங்கள் வீட்டில் இவற்றுள் இரண்டு இருந்திருக்கின்றன. இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த 1998ஆம் ஆண்டு வண்டி ஒன்று. பல ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த 2013ஆம் ஆண்டு வண்டி ஒன்று. பழையதுதான் அசல், பின்னால் வந்தது பெயரைத் திருடிக்கொண்ட வெறும் கார் என்று சொல்லும் நண்பர்கள் எங்களுக்கு உண்டு. இரண்டையும் ஓட்டிய எங்களுக்கு அந்தக் கூற்றில் உடன்பாடில்லை. அதன் காரணத்தைச் சொல்ல, வண்டியின் அடிப்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் எக்ஸ்ப்ளோரர், ரேஞ்சர் என்ற சரக்கு வண்டியின் சேஸிஸைக் கடன் வாங்கிப் பிறந்தது. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன் மேல் தனியே பொருத்தப்பட்ட கூடு, உள்ளே சொகுசு இருக்கைகள். சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1975ஆம் ஆண்டின் எரிபொருள் சட்டத்தின் கீழ்ச் சிறு சரக்கு வண்டிகளுக்குத் தனி அளவுகோல் வகுக்கப்பட்டிருந்தது. கார்களுக்குரியதைவிட அது தளர்வானது. ஆகவே குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஊர்தி, சட்டத்தின் கண்ணுக்குச் சரக்கு வண்டியாகவும் விளம்பரத்தின் கண்ணுக்குக் காடு மலை தாண்டும் துணைவனாகவும் காட்சியளித்தது. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் டைனோசர் பூங்காவைச் சுற்றிக்காட்டும் வண்டிகளாக வந்தவையும் இவையே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றன.

வாங்கியவர்கள் எந்தக் காட்டுக்குப் போனார்கள்? எங்கள் 1998 வண்டியின் முகப்பில் நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்ச்சும் குமிழ் ஒன்று இருந்தது. செங்குத்தான மண்பாதைகளுக்கென்றே அமைந்த ‘லோ’ என்னும் நிலைக்கு அதை நாங்கள் திருப்பியது ஒரே ஒரு முறை. அதுவும் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், பனி முழங்காலளவு குவிந்திருந்த காலையில். மற்ற நாட்களிலெல்லாம் அது அரிசி மூட்டையையும் பள்ளிப் பைகளையும் சுமந்து நெடுஞ்சாலையில் ஓடியது. ஆயினும் அதில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி பிறக்கும். மற்ற வண்டிகளின் கூரை நம் கண்ணுக்குக் கீழே தெரியும். உயரத்தில் இருக்கிறோம், ஆகவே பத்திரமாக இருக்கிறோம் என்று உடல் தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும்.

இயற்பியலின் கணக்கு வேறு. எடை உயரத்தில் இருந்து, சக்கரங்களுக்கிடையே அகலம் குறைவாக இருந்தால், சட்டென்று திருப்பும்போது வண்டி குடைசாயும். பாரம் ஏற்றத் தெரிந்த எந்த மாட்டுவண்டிக்காரருக்கும் இது தெரியும். ஃபோர்டின் பொறியாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது. விற்பனைக்கு முந்தைய சோதனைகளில் இந்தப் போக்கு வெளிப்பட்டதையும், டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பது தீர்வுகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டதையும் பின்னாளைய வழக்குகளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு என்று ஃபோர்டு பரிந்துரைத்தது. 30 இருந்திருக்க வேண்டும் என்று டயர் செய்த ஃபயர்ஸ்டோன் பிறகு வாதிட்டது.

காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதிகம் வளைகிறது. வளைய வளையச் சூடேறுகிறது. கோடை வெயில், நீண்ட நெடுஞ்சாலை, முழுப் பாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் டயரினுள் இருக்கும் எஃகுப் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, மேற்பட்டை உரிந்துவிடக்கூடும். டயர் உரிந்தது, ஓட்டுநர் பதறித் திருப்பினார், வண்டி குடைசாய்ந்தது. டெக்சஸிலும் வெனிசுவேலாவிலும் சவூதி அரேபியாவிலும் ஒரே கதை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் கே.எச்.ஓ.யூ. தொலைக்காட்சி இதை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 9 அன்று, பயன்பாட்டில் இருந்த ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. இந்த டயர்களோடு தொடர்புடையனவாக அமெரிக்காவில் கணக்கிடப்பட்ட மரணங்கள் 271. அவற்றுள் மிகப் பல எக்ஸ்ப்ளோரரில் நேர்ந்தவை.

இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இங்கே பழைய உறவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நெருங்கிய நண்பர்கள். 1910களின் பிற்பாதியில் அவர்கள் தாமஸ் எடிசனோடும், இயற்கையைப் பற்றி எழுதிய ஜான் பரோஸோடும் கார்களில் கிளம்பிக் காட்டோரங்களில் கூடாரமடித்துத் தங்கினர். காரேறிக் காட்டுக்குப் போகும் அமெரிக்கக் கனவின் முன்னோடிகள் அவர்களே. நட்பு உறவாகவும் மாறியது. 1947இல் ஃபோர்டின் பேரன் ஃபயர்ஸ்டோனின் பேத்தியை மணந்தார். ஏறத்தாழ நூறாண்டு நீடித்த அந்த வணிக உறவை ஃபயர்ஸ்டோன் 2001 மே மாதம் முறித்துக்கொண்டது. மறுநாளே ஃபோர்டு மேலும் 130 லட்சம் டயர்களைத் தன் செலவில் மாற்றப்போவதாக அறிவித்தது. அப்போது ஃபோர்டின் தலைவராக இருந்த பில் ஃபோர்டு, ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன் இருவருக்குமே கொள்ளுப்பேரர்.

எக்ஸ்ப்ளோரரின் மீது தனி விசாரணை தேவையில்லை என்று 2002 பிப்ரவரியில் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு முடிவு செய்தது. ஆவணப்படி குற்றம் டயருடையதே. ஆனால் வண்டியின் வரைபடங்களைத் தலைமுறை வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு கதையும் தெரிகிறது. 2002ஆம் ஆண்டு மாதிரியாக வந்த மூன்றாம் தலைமுறையில் சக்கரங்களுக்கிடையே இரண்டரை அங்குலம் அகலம் கூடியது. பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைந்தன; அதற்காக இரும்புச் சட்டத்தில் துளையிட்டு அதன் வழியே அச்சுத் தண்டுகளைச் செலுத்தினார்கள். நான்காம் தலைமுறையில், குடைசாயும் அறிகுறியைத் தானே உணர்ந்து பிரேக் பிடிக்கும் கருவி எல்லா வண்டிகளிலும் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஐந்தாம் தலைமுறையில் ஏணிச் சட்டமே போய்விட்டது. கூடும் அடித்தளமும் ஒன்றாகிய, காருக்குரிய உடல். லோ நிலைக்கும் விடைகொடுத்தார்கள். அதற்குப் பதிலாகப் பனி, மணல், சேறு என்று படம் பொறித்த குமிழ் ஒன்று வந்தது. இதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஆறாம் தலைமுறை பின்சக்கர விசைக்குத் திரும்பியது. ஏணிச் சட்டத்துக்குத் திரும்பவில்லை.

அசல் வண்டி 2011இல் செத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்வது இதைத்தான். பெயரைத் திருடிய வண்டி என்பது எங்களுக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. சரக்கு வண்டியின் எலும்பின் மேல் குடும்பத்தை உட்காரவைத்துக் காட்டின் பெயரைச் சூட்டியதுதான் பொய். மக்கள் அந்த வண்டியை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதற்கேற்ற உடல் அதற்குக் கிடைக்க இருபதாண்டுகள் ஆயின. 2013 வண்டியிலும் நாங்கள் சற்று உயரத்தில்தான் உட்கார்ந்தோம், அதே நிம்மதிதான். அந்த நிம்மதிக்கும் உண்மைக்கும் இடையே இருந்த தூரம் மட்டும் குறைந்திருந்தது. அது தானாகக் குறையவில்லை.

அந்த மரணங்களைத் தொடர்ந்து அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் 2000 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் கருவி புதிய கார்களில் இருந்தாக வேண்டும் என்பது அதன் விளைவுகளுள் ஒன்று. 2007 செப்டம்பர் முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. குளிர்காலக் காலைகளில், வண்டியைக் கிளப்பியதும் முகப்பில் மஞ்சளாக ஒரு சிறு விளக்கு எரியும். குதிரை லாடம் போன்ற வளைவு, நடுவே ஓர் ஆச்சரியக்குறி. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்று நாம் சலித்துக்கொள்வோம். 271 பேருக்கு அந்த விளக்கு எரியவில்லை. இறங்கிக் காற்றடிக்க ஐந்து நிமிடம் போதும்.