இரு பற்கள் தந்த ஜாமீன்

எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் மாதந்தோறும் திருவாசக முற்றோதல் நடைபெறும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தவறாது கலந்துகொண்டு வருகிறேன். சென்ற ஆண்டு வீட்டுப் படியில் இடறி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. 67 வயதில் பல் போனால் என்ன என்றிருந்தேன். ஆனால் அடுத்த முற்றோதலில் 'நமசிவாய' என்றபோது காற்றுத்தான் வந்தது. நகரம் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பது. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஐந்தெழுத்தில் இரண்டு என்னை விட்டு நழுவின. அதன்பின் தூணோரம் அமர்ந்து வெறுமனே உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஓதாமல் உட்கார்ந்து வரவா கோயிலுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் இல்லாள்.

பல் மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். கழற்றி மாட்டும் பல்செட். தாடையெலும்பில் டைட்டானியம் திருகு பதித்து, அது எலும்போடு இணையச் சில மாதங்கள் காத்திருந்து பொருத்தும் இம்பிளாண்ட். இருபுறப் பற்களைத் தூண்களாக்கிக் கட்டும் பிரிட்ஜ். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் திருகுக்கு அவசரம் வேண்டாம் என்றார். பிரிட்ஜுக்கோ, குறையேதுமில்லாத இரு அண்டைப் பற்களை அராவி உறையிட வேண்டும். அராவிய எனாமல் மீண்டும் வளராது.

ஒரு வாரம் தயங்கினேன். பணிக்காலத்தில் எத்தனை பேரிடம் ஜாமீன் கையொப்பம் வாங்கியிருப்பேன்! பிறர் கடனுக்குத் தம் சொத்தை வைப்பவர் மனம் படும் பாடு அப்போதுதான் விளங்கிற்று. சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டு, சம்மதம் சொன்னேன்.

மரத்துப்போக ஊசியிட்டு, பற்களை அராவி, அச்செடுத்து, தற்காலிகப் பல் வைத்து அனுப்பினார். பத்து நாட்களில், மூன்று பற்கள் ஒன்றாய் இணைந்த பிரிட்ஜைச் சிமெண்ட் கொண்டு ஒட்டினார். "நடுப்பல்லின் அடியில் உணவு தங்கும், சிறு தூரிகையால் நாள்தோறும் துப்புரவு செய்யுங்கள். தூண்பல் சொத்தையானால் பிரிட்ஜும் போய்விடும்" என்றார். ஜாமீன்தாரர் நொடித்தபின் கடனுக்கு ஏது காப்பு? இரவு எவ்வளவு அலுப்பானாலும் அப்பணியைத் தவிர்ப்பதில்லை.

சென்ற முற்றோதலில் தூணை விட்டு முன்வரிசைக்கு வந்தேன். நகரமும் வகரமும் தெளிவாகப் பிறந்தன. கண்கள் பனித்தன. 32 பற்களும் உறுதியாயிருந்த நாட்களில், அலுவலக அவசரத்தைக் காரணம் காட்டி ஓதாது கழித்த காலைப் பொழுதுகள் எத்தனை! அந்தக் கடனை இனியேனும் அடைத்துவர அவனருள் துணை நிற்கட்டும்.