ஒரு குச்சி பற்றட்டும்

சிவகாசியிலிருந்து வந்த என் தங்கை மகன், விருதுநகரில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சங்கதி இருக்கிறதென்று தெரிந்துவிட்டது.

"மாமா, வேலை கேட்டு எழுதினேன். செய்து முடித்த விளையாட்டுகளைக் காட்டு என்கிறார்கள்" என்றான்.

கணினி விளையாட்டு உருவாக்குவது அவன் கனவு. அதற்கென்று தங்கை வளையலை அடகு வைத்து மடிக்கணினி வாங்கித் தந்திருந்தாள். தீபாவளிக்குள் வழி பிறக்காவிட்டால் அவன் காலண்டர் அச்சகத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவள் வைத்த கெடு.

"எங்கே, காட்டு பார்ப்போம்."

சோழர் காலத்துப் போர் ஒன்று. கோட்டை இருந்தது, பகைவனைக் காணோம். கார்ப் பந்தயம் ஒன்று. கார் ஓடிக்கொண்டே இருந்தது, பந்தயம் முடியவில்லை. இப்படி ஒன்பது!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் அத்தியாயத்தோடு நின்ற நாவல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒரு பத்திரிகாசிரியரைப் பார்க்கப் போனவன் நான். "முடிந்தது ஏதாவது உண்டா?" என்று கேட்டார் அவர். மறுவாரமே ஆறு பக்கத்தில் ஒரு சிறுகதையை எழுதி முடித்தேன்.

"உங்கள் ஊர் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைத்தானே கற்று வந்தார்கள்? பட்டாசெல்லாம் பிறகுதான். முதலில் ஒரு குச்சி பற்றட்டும்!" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு, கனடாவில் ஒரு சிறு குழு 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' என்ற விளையாட்டைப் பற்றிச் சொன்னான். புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாளாம். ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாமாம். 2024-ல் அதற்கு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

"உன் அம்மா சிறு வயதில் என்ன செய்தாள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தீக்குச்சி அடுக்கினாளாம்."

அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்கினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. சொன்னேன். தலை குனிந்தபடியே பஸ் ஏறினான்.

மூன்று வாரம் கழித்துச் சிவகாசி போனேன். விளையாட்டு தயாராக இருந்தது. பள்ளி மணி அடிப்பதற்குள் சட்டம் நிறையக் குச்சி அடுக்க வேண்டும், ஐந்தே நிமிஷம், முடிவும் இருந்தது. தங்கை ஆடிப் பார்த்தாள்.

"இவ்வளவு மெதுவாகவா அண்ணே அடுக்குவோம்?" என்று சிரித்தாள். திரையில் மணி அடித்ததும் சிரிப்பு நின்றது. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், அச்சகப் பேச்சை அவள் எடுப்பதில்லை.