நிலைமொழி, வருமொழி, நடுவே ஒரு பக்கம்

எக்ஸ்வி6 என்பது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பாடம் நடத்துவதற்கென்றே 2006இல் எழுதத் தொடங்கிய சிறு இயங்குதளம். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பே அதற்கு முன்மாதிரி. இன்றைய வடிவம் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு உரியது. கியூஎமு என்னும் எமுலேட்டரின் மேல் ஓடுவது. பெரும்பகுதி சி மொழியில் அமைந்தது. அசெம்பிளி மொழியில் உள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்க சில கோப்புகளே. இப்பருவத்தில் நான் மிகுதியும் படித்தவை அக்கோப்புகள்தாம்.

மொழியியலில் முதுகலை முடித்த ஒருத்திக்கு இது எதற்கு என்று நெறிக்குழுவில் கேட்டார்கள். அங்கு நான் சொன்ன விடை சுருக்கமானது. விரிவான விடையை அதே வகுப்பில் இருந்த இளைய மாணவர் ஒருவருக்குத்தான் சொல்ல நேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, அயல் மாநிலத்துக்கு வந்தவர். பாடத்தைக் கைவிடும் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். கொடுப்பதற்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. “அக்கா, எனக்குப் புரியாதது ஆங்கிலமா கணினியா என்பதே தெரியவில்லை” என்றார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒன்றை விலக்கிவிடுவது. ஆகவே தமிழில் தொடங்கினோம்.

முதலில் நுழைவுக் கோப்பு. எமுலேட்டர் கெர்னலை நினைவகத்தில், பதினாறடிமானத்தில் 80000000 என்னும் முகவரியில் ஏற்றிவைக்கிறது. எல்லாக் கோர்களையும் அங்கே குதிக்கச் செய்கிறது. அங்கிருந்து உடனே சி மொழிக்குப் போக முடியாது. சி செயற்கூறு ஒவ்வொன்றும் தனக்கு ஒரு ஸ்டாக் இருப்பதாகக் கொண்டே இயங்கும். அந்த ஸ்டாக்கை அமைத்துக் கொடுக்கும் வேலையைச் சி மொழியிடமே விடுவதெப்படி? ஆறு அசெம்பிளி வரிகள் அதைச் செய்கின்றன. கோர் ஒவ்வொன்றுக்கும் 4096 பைட் இடம். எந்தக் கோருக்கு எந்த இடம் என்பதை அறிய, கோர் தன் எண்ணைத் தாங்கும் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. எல்லாக் கோர்களும் படிப்பது ஒரே வரியை. கிடைக்கும் விடை மட்டும் வேறு வேறு.

“இது ‘நான்’ போல” என்றேன். சொல் ஒன்று; சொல்பவர் மாறப் பொருள் மாறும். தன்மைப் பெயரைச் சுட்டென்று படித்தவர்க்கு இந்த வரியில் கடினம் ஏதும் இல்லை. அந்த எண்ணுடன் ஏன் ஒன்றைக் கூட்டுகிறார்கள் என்று அவரே கேட்டார். ஸ்டாக் மேலிருந்து கீழ்நோக்கி வளர்வது. ஆகையால் இடத்தின் அடியை அன்றி உச்சியைக் காட்ட வேண்டும். படம் வரைந்ததும் விளங்கிவிட்டது.

அடுத்து அவர் எழுப்பிய ஐயம் எனக்கு மிகவும் பிடித்தது. “இல்லாத இயந்திரத்துக்கு எழுதிய நிரல்தானே அக்கா?” உண்மைதான். கியூஎமு காட்டும் ‘விர்ட்’ என்னும் இயந்திரம் சந்தையில் கிடைக்கும் எந்த வன்பொருளையும் ஒத்ததன்று. 10000000 என்னும் முகவரியில் ஓர் எழுத்தின் எண்ணை இட்டால் திரையில் அவ்வெழுத்து தோன்றும் என்பது வெறும் உடன்பாடு. மூலத் திராவிடமும் அத்தகையதே என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன். அது வேறு சண்டை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு உடன்பாட்டால் அமைந்தது என்பதை முதற்பருவத்திலேயே ஏற்றுக்கொள்ளும் நாம், முகவரிக்கும் கருவிக்கும் உள்ள உறவை மட்டும் ஏன் ஐயுற வேண்டும்?

கடினமான கோப்பு ‘டிராம்போலின்’. பயனர் நிரல் கெர்னலை அழைக்கும்போது, வன்பொருள் பக்க அட்டவணையை மாற்றித் தருவதில்லை. மென்பொருளே மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிய மறுகணமே முகவரிகளின் பொருள் முழுதும் மாறிவிடும். அடுத்த கட்டளையை எங்கிருந்து படிப்பது? எனவே ஒரே ஒரு பக்கத்தை, பயனர் அட்டவணையிலும் கெர்னல் அட்டவணையிலும் ஒரே உச்சி முகவரியில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். மாற்றும் கட்டளை அந்தப் பக்கத்தில் இருப்பதால் காலடி நழுவுவதில்லை.

மணி, அடி என்னும் இரண்டும் சேர்ந்து ‘மணியடி’ ஆகும்போது நடுவே வரும் யகரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அது நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. இரண்டையும் உடம்படுத்துவதே அதன் வேலை. உவமை முழுதும் பொருந்தாது. யகரம் ஒலியின் இயல்பால் தோன்றுவது. இந்தப் பக்கமோ ஒருவர் திட்டமிட்டு வைத்தது. அதோடு, பயனரின் 31 ரெஜிஸ்டர்களையும் ஒன்றும் சிதையாமல் சேமிக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. யகரத்துக்கு அப்படி ஒரு சுமை இல்லை. எனினும் ‘நடுவில் நிற்பது எவருடையது’ என்ற குழப்பம் அதனால் நீங்கியது.

நெறிக்குழுவுக்கு ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். இலக்கணம் இதற்கு அணி சேர்க்க வரவில்லை. விளக்கும் கருவியாக வந்தது. தமிழில் சொல்ல இயலாத துறை என்று இதைக் கூறுபவர்கள், சொல்லிப் பார்த்துவிட்டுக் கூறலாம்.

படிவம் கொடுக்கப்படவில்லை. இவ்வாரம் பணிமாற்றும் கோப்பில் இருக்கிறோம். செயலியில் இத்தனை ரெஜிஸ்டர்கள் இருக்க, ஏன் 14ஐ மட்டும் சேமிக்கிறார்கள் என்று கேட்டார். எஞ்சியவற்றுள் தேவையானவற்றை, அழைக்கும் செயற்கூறே தன் ஸ்டாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அழைப்பு மரபு. கம்பைலர் அதை முன்னரே செய்துவிடுகிறது என்றேன். “மரபை மீறினால்?” என்றார். மீறி எழுதி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எமுலேட்டர்தானே, எதுவும் எரிந்துபோகாது.