பழைய தரவுத்தளங்களைப் புதுக்கும் நெறி

பெரிய நிறுவனங்களின் கணக்குகள் இக்காலத்திற் பேரேடுகளில் எழுதப்படுவதில்லை; தரவுத்தளம் என்னும் கணினிக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. தொழிலாளியின் சம்பளமும், கைம்பெண்ணின் சேமிப்பும், நோயாளியின் மருந்துக் குறிப்பும் அங்கேதான் உறைகின்றன. அக்களஞ்சியம் முதுமையடைந்தால் அதனை எங்ஙனம் புதுக்குவது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். பொறிஞர்க்கே உரிய செய்தியென்று இதனை ஒதுக்குதல் தகாது. தவறு நேரின் பெரிதுந் துன்புறுவோர் பொதுமக்களே.

பழமை என்றவுடனே இகழ்தல் கூடாது. 1960-களில் அப்போலோ விண்கலத்தின் எண்ணிறந்த உறுப்புக்களைக் கணக்கிடும்பொருட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் பிறரோடு கூடி ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தளத்தை அமைத்தனர். அதன்கண் தரவுகள், தாய், மகள், பேர்த்தி என்னும் வழிமுறைபோல அடுக்கப்பட்டிருக்கும். 1970-ல் அந்நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் என்பார், தரவுகளை அட்டவணைகளாக அமைத்துத் தொடர்புபடுத்தும் முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலும் வழங்குவது அம்முறையே. ஆயினும் ஐ.எம்.எஸ். இன்னும் வங்கிகளில் உழைத்து வருகின்றது. ஆதலின் வயது மட்டும் ஒன்றனை நீக்குதற்குக் காரணமாகாது. அதனைப் பேணத் தெரிந்தோர் அருகிப்போதல், ஆக்கியோர் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிடுதல், சிறு மாற்றத்திற்கும் பன்மாதங்கள் செல்லுதல் ஆகிய இவையே தக்க காரணங்களாம்.

புதுக்கும் வழிகள் இரண்டு. ஒரே இரவிற் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது ஒன்று. பகுதிபகுதியாக மாற்றுவது மற்றொன்று. இளமையின் இயல்பால் எம் உள்ளம் முதல் வழியையே நாடும். இரண்டையும் ஒருங்கே பேணுஞ் செலவு அதில் இல்லை. வேலை முடியும் நாளும் திட்டமாகத் தெரியும்.

ஆயின் பிரித்தானியாவின் டி.எஸ்.பி. வங்கியின் சரித்திரம் எம்மைத் தடுக்கின்றது. அவ்வங்கி, முன்னாள் உடைமையாளரான லாயிட்ஸ் வங்கியின் கணினிகளிலிருந்த சுமார் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை, 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதத்து வாரக்கடைசி ஒன்றிற் பெரும்பாலும் ஒருங்கே மாற்றியது. தரவுகள் நலமாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தாங்கவேண்டிய புதிய அமைப்போ பாரம் பொறாது தளர்ந்தது. 19 இலட்சம் பேர் வரை தம் கணக்குகளை அணுகமாட்டாது தவித்தனர். நிலைமை முற்றுஞ் சீராக அவ்வாண்டு டிசம்பர் மாதமாயிற்று. 2022 டிசம்பரில் அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86½ இலட்சம் பவுன். பொருளைப் பெயர்த்து வைத்தல் வேறு, அதனைக் கொண்டு நாள்தோறும் வாழ்தல் வேறு என்பது இதனாற் புலனாம்.

நிற்க, இரண்டாம் வழிக்கு மார்ட்டின் பவுலர் என்னும் பொறிஞர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காடுகளிற் கண்ட அத்தியினத்து மரமொன்றை உவமையாக்கி 2004-ல் பெயரிட்டார். நம் நாட்டிற் பனைமேல் ஆல் வளர்வதைக் கண்டோர்க்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். பனையின் மட்டையிடுக்கில் விழுந்த ஆலம்வித்து முளைத்து, விழுதை நிலத்திலிறக்கி, நாளடைவில் தானே மரமாய் நிற்கின்றது. அதுகாறும் பனையே அதனைத் தாங்குகின்றது.

இந்நெறியிற் செய்யத்தக்கன சில. முதலாவது, பழைய களஞ்சியத்தில் உள்ளவற்றை எண்ணி, பயனற்றவற்றைக் கழித்தல் வேண்டும். இரண்டாவது, அதன் முன்னே பொதுவாயில் ஒன்று அமைத்து, எல்லா வினவலும் அதன் வழியே செல்லுமாறு செய்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு பகுதியை மட்டும் மாற்றி, பழையதும் புதியதும் சிலகாலம் உடன்நடக்க, இரண்டின் கூட்டுத்தொகைகளையும் நாள்தோறும் ஒப்பிடல் வேண்டும். நான்காவது, இடர் நேரின் திரும்பும் வழியை முன்னரே நடந்து பார்த்தல் வேண்டும்.

பழைய வஸ்திரத்திற் புதுத்துண்டை இணைத்தல் ஆகாதென்னும் சுவிசேஷ உவமையைக் காட்டி இதனை மறுத்தல் கூடும். அங்கே பழைய வஸ்திரம் நிலைத்திருக்கின்றது. ஈண்டோ அது படிப்படியாக நீங்குகின்றது. இடையில் வேலை நின்றுவிடின் அவ்வெச்சரிக்கை பொருந்தும். ஆதலின் ஒவ்வொரு பழம்பகுதியும் நீங்கும் நாளை முன்னரே குறித்தல் இன்றியமையாதது. ஓரிரவில் மாற்றி, மறுநாட் காலையில் மீளவும் இயலும் சிறு களஞ்சியமாயின், முதல் வழியே போதும்.

எனவே, எவ்வழியைக் கொள்வதென்று அளத்தற்குரிய கோல், நாம் தவறினால் எத்தனைபேர் எத்தனை நாள் துன்புறுவர் என்பதே. அவ்வினாவிற்கு நேர்மையாக விடை கூறியபின் வழியைத் தேர்தல் அத்துணை அரிதன்று என்பது எமது துணிபு.