பழைய வண்டிக்குப் பதில் இன்னொரு பழைய வண்டி

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு. அம்மா இருப்பதோ இடுக்கி மாவட்டத்துக் குமுளியில். இரண்டும் கேரளந்தான். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி, கம்பம் எனத் தமிழ்நாட்டை நெடுக்கக் கடந்தாக வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்களைப் பிரித்தவர்கள் இந்தச் சாலையை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தம் ஏலத்தோட்டத்தை விட்டு வர அம்மாவுக்கு மனமில்லை. அவரைக் கோவை மருத்துவரிடம் கூட்டிச் செல்வதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் எங்கள் வண்டியின் வேலை.

அவ்வேலையை 1999 முதல் செய்து வந்தது ஒரு டீசல் அம்பாசிடர். ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் பல பத்தாண்டுகள் செய்யப்பட்ட கார் அது. அகன்ற பின்னிருக்கையில் அம்மா காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். தேனி வரும்வரை கண்விழிக்க மாட்டார். அதன் மீட்டரில் ஐந்து எண்களே உண்டு. 99,999ஐத் தாண்டியதும் பிறந்த குழந்தைபோல் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். எங்கள் கண்முன் மூன்று முறை அப்படித் தொடங்கிற்று.

2014ஆம் ஆண்டு மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு எங்கள் வண்டிக்கும் 15 ஆண்டு நிறைந்து, மறுபதிவு செய்தோம். 2019இல் மீண்டும் ஒரு முறை. அடுத்த தவணை 2024. அதற்குள் நீலப் புகை வரத் தொடங்கியிருந்தது. நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். ஒரு மாலை, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், அம்மா உள்ளே இருக்கையிலேயே கொதித்து நின்றுவிட்டது. தோட்ட வேலை முடிந்து கம்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த கூலிப் பெண்களின் ஜீப் ஒன்று நின்றது. அவர்கள் குடிதண்ணீர்ப் புட்டிகள் அனைத்தையும் ரேடியேட்டருக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு வேறு வண்டி பார்ப்பதென முடிவாயிற்று. புது வண்டிக்கு எங்களிடம் பணமில்லை.

இரண்டு வண்டிகள் அமைந்தன. கோவையில் ஒரு வியாபாரியிடம் இருந்த சிறிய கார், டி.என். 37 எண்ணுடையது, மீட்டரில் 42,000 கிலோமீட்டர்தான். மற்றது கட்டப்பனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2013ஆம் ஆண்டுப் பொலீரோ, கே.எல். 06, ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர், அத்தனையும் மலையில் ஓடியது. எங்கள் மனம் கோவை வண்டியின் பக்கமே சாய்ந்தது. உடன் வந்த பட்டறைக்கார அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தார். "ரப்பர் இரும்பு தெரியத் தேஞ்சிருக்குதுங்க. நாப்பத்திரண்டாயிரத்துல இப்படித் தேயாதுங்க" என்றார். டயர்களைக் காட்டினார். பக்கச் சுவரில் வாரமும் ஆண்டும் குறிக்கும் நான்கு எண்கள் இருக்கும். நான்கு டயரிலும் அவை காரைவிடப் புதியவை. எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை தள்ளிற்று. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் அப்படித்தான் தள்ளுமாம்.

கட்டப்பனை வண்டியிலும் குறை இல்லாமலில்லை. மலையில் ஓடும் வண்டிக்குக் கிளட்ச்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தது. வண்டி அதற்கேற்ப நகரவில்லை. ஆனால் மூடியைத் திறந்தபோது புகை இல்லை. அடிச்சட்டத்தில் துரு இல்லை. அதில் பொறித்த எண் பதிவுச் சான்றோடு ஒத்திருந்தது. ஆசிரியர், தாம் மாற்றிய ஒவ்வோர் உதிரிபாகத்தின் ரசீதையும் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். கிளட்ச்சுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அத்தொகையை அவரே விலையில் குறைத்தார்.

எண்பலகையைப் பற்றியும் எங்களுக்குள் விவாதம் நடந்தது. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். விலையில் மிஞ்சுவது அதிலேயே போய்விடும். அது சட்டம். எங்கள் அச்சம் வேறு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசலின்போது குமுளிக்கும் கம்பத்துக்கும் இடையே போக்குவரத்து நின்றது. இரு பக்கமும் வண்டிகள் கல்லடி பட்டன. கேரள எண்ணும் தமிழ்ப் பேச்சுமாக நாங்கள் எந்தப் பக்கம் போவது? திருச்சூர், மூவாற்றுப்புழை, தொடுபுழை, கட்டப்பனை என்று சுற்றி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். எந்த எண் பாதுகாப்பு என்று அன்று எங்களால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியாது. ஆதலால் எண்ணை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்து முடிவு செய்தோம்.

பொலீரோவை வாங்கினோம். அம்பாசிடரைப் பொள்ளாச்சிப் பழைய இரும்பு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டார். பதிவை நீக்கும் தாள்களில் கையெழுத்திடும்போது வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

அம்மா புதிதாய் வந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என்னப்பா, இதுல ஏற ஏணி வேணும் போலிருக்கே" என்றார். உண்மைதான், தளம் உயரம். ஒரு முக்காலியை வண்டியிலேயே போட்டு வைத்தோம். பின்னால் படுக்க வசதியில்லை என்று முன்னிருக்கையில் உட்கார்ந்தார். கூடலூர் தாண்டித் திராட்சைத் தோட்டங்கள் வந்ததும், எந்தக் கொடிப்பந்தல் எந்தக் காலத்தில் நெல்வயலாக இருந்தது, அது யாருடையது, அவர்கள் மக்கள் எங்கே போனார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை ஆண்டும் அவ்வழியை அவர் தூங்கியே கடந்திருந்தார்.